படகில் கட்டிய நோட்டு

"என் வீடு அழகானது.
வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம்.
என் வீட்டை எனக்கு மிகவும் பிடிக்கும்."
பதினொரு பிள்ளைகள், பதினொரு தாள்,
எல்லாத் தாளிலும் ஒரே வீடு.
சிவப்பு மையால் சரி போட்டுக்கொண்டே போனேன்,
ஆளில்லாத வீடுகளின் கதவில்
எண் எழுதிப்போகும் கணக்கெடுப்புக்காரி போல.

குற்றம் அவர்களுடையதல்ல.
சீலோவேயின் இந்தச் சின்னத் தீவில்
எந்தக் கூரை எங்கே ஒழுகும் என்பது எனக்கு மனப்பாடம்.
தெரிந்தவளிடம் யார் விவரமாகச் சொல்வார்கள்?

ஆகஸ்ட் மழையில் ஒரு திங்கட்கிழமை
தடித்த கணக்கு நோட்டு ஒன்றுக்கு எண்ணெய்த்துணி அட்டை போட்டு
காஸ்ட்ரோவுக்குப் போகும் படகில்
அடுப்புக்குப் பக்கத்து பெஞ்சில் கட்டிவிட்டு வந்தேன்.
"நனைந்தால் என்னைக் கேட்காதே" என்றார் ஒனோஃப்ரே, சுக்கானை விடாமல்.
முதல் பக்கத்தில் என் அறிவிப்பு:
ஆறாம் வகுப்பு எழுதியது. ஓரத்தில் நீங்களும் எழுதலாம்.
பேனா கயிற்றில் இருக்கிறது.
என் சிவப்புப் பேனாதான்.

முதல் வாரம் திரும்பி வந்தவை:
ஒரு மீன் செதில், ஒரு காபி வட்டம்,
பேனா இல்லாத கயிறு.

இரண்டாம் வாரம்
பாஸ்தியான் சிகுவாயின் மூன்று வரிக்குக் கீழே,
"எங்களிடம் ஒரு நாய் உண்டு" என்பதை அடிக்கோடிட்டு
யாரோ கேட்டிருந்தார்கள்:
"எப்படிக் குரைக்கும்?"

வாழ்நாளில் நான்காம் வரி எழுதாத பையன்
மறுநாள் அரைப் பக்கத்தோடு வந்தான்.
குரைக்காதாம். கடல்நாய் கடித்த இரவிலிருந்து
வாயை மட்டும் திறக்குமாம்,
டீசல் தீர்ந்த மோட்டார் போல
காற்று மட்டும் வெளியே வருமாம்.
அந்தத் தெரு வழியே ஆறு வருடம் நடந்திருக்கிறேன்.
எனக்குத் தெரியாது.

அப்புறம் ஓரங்கள் நிரம்பின.
உருளைக்கிழங்கு விற்கிறவள் கிழங்கை வரைந்து
நீ சொன்ன நிறம் இதற்கில்லை, ஊதா என்று திருத்தினாள்.
'இரவில் தூக்கம் வருவதில்லை' என்ற ஒரு வரிக்குப் பக்கத்தில்
பென்சிலில் ஒரே ஒரு சொல்: "எனக்கும்."
அந்த 'எனக்கும்' யார் என்று
வெள்ளிக்கிழமை முழுவதும் பேசினோம்.
பின்னப் பாடம் நடக்கவில்லை.

செப்டம்பரில் மாயிதே ஹுவெஞ்சூர் எழுதினாள்:
சால்மன் கூண்டுகள் அறுந்தன, நிறைய மீன் போய்விட்டது,
கம்பெனி சொல்லவில்லை.
நோட்டு வந்தபோது அந்தப் பக்கம் இல்லை.
கிழித்தவர் நிதானமானவர். அடிமட்டம் வைத்துக் கிழித்திருந்தார்.
தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு
உருளைக்கிழங்கு நல்ல தலைப்பு என்றார்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று
சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றேன்.
பெரிய எழுத்தில் எழுதலாம் என்றான் ஒருவன்.
கெட்ட வார்த்தை சேர்க்கலாம் என்றான் பாஸ்தியான்.
மாயிதே மட்டும் தன் வாக்கியத்தையே விசாரித்தாள்:
"நிறைய என்று போட்டேனே டீச்சர். நிறைய என்றால் எத்தனை?"

ஆதாரம், ஆதாரம் என்று
நாற்பது தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்.

போய்க் கேட்டு வந்தாள்.
நான்கு கூண்டு. செவ்வாய் இரவு, இரண்டு மணி.
மூன்றாம் கூண்டில் காவலுக்கு நின்றவர் பெயரைப் போடவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவள் அப்பாவின் பூட்ஸை எனக்குத் தெரியும்.

பிறகு அவர்களாகவே செய்தது இது:
வரிக்கு ஒருவராக எழுதினார்கள்,
கோணல், சாய்வு, கொம்பு முளைத்த எழுத்து,
எது யாருடையது என்று பிரிக்க முடியாமல்.
மூன்று பிரதி. மூன்று படகு.
என்னிடம் அனுமதி கேட்கவில்லை,
பசை மட்டும் கேட்டார்கள்.

இரண்டு திரும்பி வரவில்லை.
ஒனோஃப்ரேயின் படகு நோட்டு வந்தது,
ஈரமாக, அட்டை உப்பி, பக்கம் பத்திரமாக.
ஓரத்தில் ஏழு கையெழுத்து.
ஒருவர், "ஐந்து கூண்டு."

முதல் பக்கத்தில் என் அறிவிப்பில்
ஓர் எழுத்துப்பிழையை வட்டமிட்டிருந்தார்கள்.
சிவப்பு மை.
வகுப்பு அதைக் காலையிலேயே பார்த்துவிட்டது.
மாலை மணி அடிக்கும் வரை
ஒருவரும் மூச்சுவிடவில்லை.